லாஸ் ஏஞ்சலஸ் ஓசோன் மாதிரிகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காற்றில் தரைமட்ட ஓசோனைக் குறைக்க, எந்த உமிழ்வை எவ்வளவு கட்டுப்படுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட உருவான கணித முறைகள். ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் வெயிலில் வினைபுரிய, காற்றிலேயே அது உருவாகிறது. புகை பாதியானால் ஓசோனும் பாதியாகும் என்ற கணக்கு அதனால்தான் செல்லுபடியாவதில்லை.

1943 ஜூலையில் நகரைச் சூழ்ந்த கண்ணெரிச்சல் மூட்டத்துக்கு, செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரித்த ஆலை ஒன்றின்மீது முதலில் பழி விழுந்தது. ஆலையை நிறுத்திய பிறகும் மூட்டம் விடவில்லை. புதிரை அவிழ்த்தவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் உயிர்வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித். வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டில் விழும் விரிசலைக் கொண்டே அவரது குழு ஓசோனை அளந்தது. வாகனப் புகையும் பெட்ரோல் ஆவியுமே மூலம் என்று 1952இல் அவர் விளக்கியதை எண்ணெய்த் துறை எளிதில் ஏற்கவில்லை. பின்வந்த எல்லா மாதிரிகளுக்கும் அடித்தளம் அந்த ஆய்வே.

1973இல் ரெனால்ட்ஸ், ராத், சைன்ஃபெல்ட் ஆகியோர் நகரின் வான்வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றோட்டத்தையும் வேதிவினையையும் சேர்த்துக் கணக்கிட்டனர். காலையில் நகரில் கிளம்பும் புகை, கடற்காற்றோடு கிழக்கே போய்ப் பிற்பகலில் ரிவர்சைடில் ஓசோனாக நிற்பதை இத்தகைய மாதிரியே காட்ட முடியும். 1977இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்வைத்த எக்மா முறை இதைவிட எளிது: நைட்ரஜன் ஆக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகிய இரு மாசுகளையும் இரு அச்சுகளாக்கி, சம ஓசோன் கோடுகளை வரைவது. கோடுகள் மலை முகடுபோல் வளைகின்றன. முகட்டின் ஒருபுறம் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் ஓசோன் ஏறும், மறுபுறம் இறங்கும். நைட்ரஜன் ஆக்சைடு கக்கும் லாரிகள் குறையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரில் ஓசோன் கூடியது இதற்குக் கண்கண்ட சான்று. சிலர் இதைக் காட்டி நைட்ரஜன் ஆக்சைடு கட்டுப்பாட்டையே எதிர்த்தனர். ஆனால் அந்த ஏற்றம் முகட்டைக் கடக்கும்வரைதான்.

உள்ளிடும் கணக்கு பிசகினால் மாதிரியும் பிசகும். 1987இல் வான் நைஸ் சுரங்கப்பாதையில் அளந்தபோது, வாகனங்கள் கணக்கில் இருந்ததைவிடப் பல மடங்கு ஹைட்ரோகார்பன் கக்குவது தெரிந்தது. அட்லாண்டாவை ஆராய்ந்த சமைடிஸ் குழு, மரங்கள் விடும் ஐசோப்ரீன் என்ற ஹைட்ரோகார்பனைக் கணக்கில் சேர்க்காத கட்டுப்பாட்டுத் திட்டம் பலிக்காது என்று 1988இல் காட்டியது.

இப்போது சிமேக் முதலான பெரிய மாதிரிகள் பயன்பாட்டில் உள்ளன. 2015இல் நிர்ணயித்த 0.070 பிபிஎம் ஓசோன் வரம்பை லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் இன்னும் எட்டவில்லை.