பிரம்மபுத்திராவின் கரையரிப்பை அளத்தல்

அசாம் சமவெளியில் பிரம்மபுத்திரா ஒரே தடத்தில் ஓடுவதில்லை. பல கிளைகளாகப் பிரிந்து, மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கூடும் பின்னல் ஆறு அது. கிளை இடம் மாறினால் கரை கரையும். எந்தக் கரை, எவ்வளவு வேகத்தில், எதனால் அழிகிறது, ஆற்றுத்தடம் நிலைகொண்டிருக்கிறதா என்று கண்டறிவதே கரையரிப்பு மதிப்பீடு.

இன்றைய நிலைமைக்குப் பெரிய காரணம், 1950 ஆகஸ்ட் 15 அன்று நிகழ்ந்த 8.6 அளவிலான நிலநடுக்கம். மலைகள் சரிந்து துணையாறுகளை அடைத்தன. அடைப்பு உடைந்தபோது ஏராளமான மண் ஆற்றில் இறங்கிற்று. டிப்ருகர் அருகே படுகை மேடாகி, நகரின் ஒரு பகுதியை ஆறு கொண்டுபோனது. அன்றுமுதல் 4.27 லட்சம் ஹெக்டேர் நிலம் பறிபோனதாக அசாம் அரசு கூறுகிறது.

பழைய நில அளவை வரைபடங்களையும், 1972 முதல் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிடுவது முதல் வேலை. எல்லாப் படங்களும் நீர் குறைந்த குளிர்கால மாதங்களுடையவையாக இருக்க வேண்டும். வெள்ளக்காலப் படத்தைக் குளிர்காலப் படத்தோடு ஒப்பிட்டால், வெறும் நீர்மட்ட வேறுபாடே அரிப்பாகத் தோன்றிவிடும். மணல்திட்டைத் தீவோடு சேர்ப்பதா என்பதும் சிக்கல்தான். ஆற்றின் நடுவே உள்ள மாஜுலித் தீவு தன் பரப்பில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டது என்றாலும், பழைய பரப்பளவாக நூலுக்கு நூல் வேறு எண் காணப்படுகிறது.

படம் இழப்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதற்குக் கரைமண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும், படகில் சென்று ஒலியலைக் கருவியால் ஆழம் அளக்க வேண்டும். இங்குள்ள கரை பெரும்பாலும் நுண்மணலும் வண்டலும். பிடிப்புத் தரும் களிமண் குறைவு. ஓட்டம் அடிப்பகுதியைக் குடைய, மேற்பகுதி பாளம் பாளமாகச் சரிகிறது. வெள்ளம் ஏறும்போதைவிட வடியும்போதே பல கரைகள் விழுகின்றன: மண் நீரில் ஊறிக் கனத்திருக்கும், வெளியிலிருந்து தாங்கிய நீரோ இறங்கிவிட்டிருக்கும்.

தடத்தின் நிலைத்தன்மையை அறிய இன்னொரு வழியும் உண்டு. ஒரே அளவு நீர் வரும்போது நீர்மட்டம் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போனால், படுகை மேடாகிறது என்று கொள்ளலாம். பாறைக் குன்றுகள் இருபுறமும் நெருக்கும் இடங்களில் மட்டும் ஆறு அசைவதில்லை. சில இடங்களில் 15 கிலோமீட்டர் வரை விரியும் ஆறு, குவாஹாட்டியின் பாண்டு அருகே சுமார் 1.2 கிலோமீட்டராக ஒடுங்குகிறது. சராய்காட் பாலம் அங்கேதான் நிற்கிறது.

மணல் நிரப்பிய பைகள், ‘முள்ளம்பன்றி’ எனப்படும் கான்கிரீட் சட்டங்கள், கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் தடுப்புகள் ஆகியவை பாதுகாப்புக்குப் பயன்படுகின்றன. வண்டல் மிகுந்த ஓட்டத்தில்தான் முள்ளம்பன்றி பலன் தரும். நீளும் தடுப்பு ஓட்டத்தை எதிர்க்கரைக்கோ கீழ்ப்பகுதிக்கோ தள்ளிவிடக்கூடும். ஆகவே ஒரு கிராமத்துக் கரையை மட்டும் அளந்து தயாரிக்கும் அறிக்கை, பிரம்மபுத்திராவைப் பொறுத்தவரை அரைகுறை அறிக்கையே.