கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும்

நம் சங்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு வினா அடிக்கடி காணப்படுகின்றது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை முதலிய இடங்களில் குடியேறி உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் அமர்ந்துவிட்ட நம்மவர், கடற்கரையில் இன்னும் தொழில் செய்துவரும் தம் தமையன்மார்க்கும் மைத்துனன்மார்க்கும் பொருளுதவி செய்து ஒரு பைபர் படகு வாங்கித்தர விரும்புகின்றனர். தூரக் கடலுக்குச் சென்று வருவதற்குச் சௌகரியமான படகு எது என்று நம்மைக் கேட்கின்றனர். பணம் தருவோர் கடலுக்குப் போவதில்லை; போவோர் பணம் தருவாரிடம் இது வேண்டும், இது வேண்டா என்று வற்புறுத்திச் சொல்லக் கூசுகின்றனர். இதனிடையே படகு கட்டி விற்போர் சொல்வதே முடிவாகிவிடுகின்றது. நம் முன்னோர் எவ்வெக் கலங்களில் ஏறினர், அவற்றை ஏன் கைவிட்டனர், கைவிட்டபோது எதனை இழந்தனர் என்பவற்றை அறிந்தாலன்றிச் சௌகரியம் என்னும் சொல்லுக்கே பொருள் விளங்காது. ஆதலின் சரித்திரத்திலிருந்தே தொடங்குகின்றோம்.

பழந்தமிழ் நூல்களில் நெய்தல் நிலத்துப் பரதவர் ஏறிய கலங்கள் திமில், அம்பி, பஃறி, தோணி எனப் பல பெயர்களால் வழங்கப்படுகின்றன. அவற்றுள் எதன் வடிவம் எவ்வாறிருந்தது என்று புலவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். நம் கரையில் நெடுங்காலம் நின்று நிலவியது கட்டுமரம். அதற்குக் காரணம் கரையின் இயல்பே. திருவான்மியூர் தொடங்கிக் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர் வழியாகக் கோவளம் வரையில் நம் கடற்கரை நேர்க்கோடு போன்றது. குடாவும் இல்லை, மலைமறைவும் இல்லை. முட்டுக்காட்டு முகத்துவாரமும் வேனிலில் மணல் மேடிட்டு அடைபடும் இயல்பினது. கலம் எதுவாயினும் அலை உடையும் வெட்டவெளியிலே தள்ளப்படல் வேண்டும். மாலையில் அவ்வலையினூடே மணலில் ஏற வேண்டும்.

இத்தகைய கரைக்கென்றே அமைந்தது கட்டுமரம். இலேசான மரத்துண்டங்கள் சிலவற்றைச் செதுக்கி, நடுமரம் தாழவும் ஓரமரங்கள் சற்று உயரவும் வைத்துக் கயிற்றால் பிணிப்பர். ஆணி கிடையாது. மலைவேம்பு, கல்யாணமுருங்கை, அல்பீசியா முதலிய மரங்கள் இதற்குப் பயன்பட்டன. தொழில் முடிந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் உலர்த்துவர். ஊறிய மரம் கனக்கும் என்பதே காரணம். அலை மேலே விழுந்தால் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். இறைக்க வேண்டிய பள்ளமே அதில் இல்லை. கவிழ்ந்தால் புரட்டி நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

இந்தக் கலத்தைக் கண்டு வியந்த அந்நியர் பலர். ஆங்கில மாலுமியாகிய வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட தம் யாத்திரை நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்து எழுதினார். பிற்காலத்தில் அச்சொல்லே ஆங்கிலத்தில் நிலைபெற்று, இரட்டை உடலுள்ள சொகுசுப் படகுகளுக்குப் பெயராகிவிட்டது. நம் மரத்துக்கும் அப்படகுகளுக்கும் பெயரளவிலன்றி உறவு சொற்பமே. சென்னையில் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில் கப்பல்கள் எட்ட நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைக்கப்பட்டு அலையடிக்கு வளைந்துகொடுக்கும் மசூலாப் படகுகளில் பிரயாணிகளும் சரக்குகளும் கரைசேர்ந்தன. மசூலாவும் செல்லக்கூடாத கொந்தளிப்பில், கப்பலுக்குக் கடிதம் கொண்டுசென்றவன் கட்டுமரக்காரனே. கோவளத்துக்கு 18-ம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் வந்ததும், 1752-ல் கிளைவ் அங்கிருந்த கோட்டையைப் பிடித்ததும் சரித்திர நூல்களில் உள. அந்த அலையைக் கடந்து அவர்களைக் கரையில் இறக்கிவிட்டவர்களின் பெயர் ஒன்றும் எந்த நூலிலும் நம் கண்ணிற் படவில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின் உண்மையையும் சொல்ல வேண்டும். கட்டுமரத்தில் சௌகரியம் என்பது எள்ளளவும் இல்லை. ஏறியது முதல் இறங்கும் வரையில் இடுப்புக்குக் கீழே ஈரம். உட்கார இடமில்லை, மண்டியிட்டே துடுப்பு வலிக்க வேண்டும். வெயிலுக்கு நிழலில்லை, உணவு வைக்க உலர்ந்த இடமில்லை, பிடித்த மீனுக்குப் பனிக்கட்டி வைக்க வழியில்லை. முதியோர் பலருடைய முழங்காலும் முதுகும் இதற்குச் சாட்சி. நம் இளைஞர் பைபர் படகை விரும்புவது சோம்பலால் என்று பேசுவோரை ஒரு நாள் வாடைக்காலத்தில் மரத்தில் ஏற்றி அனுப்பிப் பார்த்தல் நலம்.

மாறுதல் நம் கரைக்கு மெல்ல வந்தது. சென்னை மாகாணத்து மீன்துறையை 1900களின் முதற் பத்தாண்டில் தொடங்கி வளர்த்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். அவருக்குப்பின் அதனை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியக் கலங்களின் வடிவங்களைக் குறித்து 1920-ல் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். நம் கலங்களை இகழாது அளந்து பார்த்த பெருமை அவருக்கு உண்டு. 1952-ல் நார்வே தேசத்தாருடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டுக் கொல்லத்தையடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுகளின் காலம் பிறந்தது. அப்படகுகளுக்குத் துறை வேண்டும். சென்னையில் காசிமேட்டுக்குத் துறை வாய்த்தது. தெற்கே நம் குப்பங்களுக்கு வாய்க்கவில்லை. எனவே இயந்திரப் படகின் இலாபம் வடக்கே சேர, அவை கரையோரம் வந்து வலையை அறுத்துச் செல்லும் நஷ்டம் மட்டும் நமக்கு மிஞ்சியது. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நம் போன்றோர்க்கு ஒதுக்க முற்பட்டது இதன் விளைவே.

துறையில்லாத கரைக்கு இயந்திரம் பூட்டிய கலம் எங்ஙனம் அமையும் என்பதே அடுத்த வினா. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் சுவீடன் தேசத்தின் பொருளுதவியோடு 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டத்தைச் சென்னையில் நிறுவியது. மணலில் ஏறக்கூடிய படகுகளை அத்திட்டத்தார் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிச் சோதித்தனர். கரைக்கு வரும்போது சுழலியையும் சுக்கானையும் மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றிற் சிலவற்றில் இருந்தது. தெற்கே கன்னியாகுமரி ஜில்லாவில் முட்டத்தில் பியேர் கில்லே என்னும் பெல்ஜியர் ஒட்டுப்பலகையால் வள்ளங்களையும் கட்டுமரங்களையும் சமைத்தார். அதில் பட்ட பாட்டை 1985-ல் ஒரு நூலாகவும் எழுதினார். நம்மவர் யாரும் எழுதாத விஷயத்தை அவர் எழுதினார் என்பதற்காகவேனும் அந்நூலைத் தேடிப் படிக்கலாம்.

இவர்கள் யாவரும் கண்டறிந்தது ஒன்று. கலத்தின் எடை கூடினால் மணலில் ஏறாது. குறைந்தால் அலையடியைத் தாங்காது. இவ்விரண்டுக்கும் இடையே கண்ணாடியிழை பொருந்தி வந்தது. இவ்விழை 1930களில் அமெரிக்காவில் பெருவாரியாக உற்பத்தியாயிற்று. பிசின் ஊட்டிக் கடினமாக்கப்பட்ட இழையால் 1940களிலிருந்து படகுகள் கட்டப்பட்டன. கேரளத்திலிருந்து வந்த மரத்தின் விலை ஏற ஏற, நம் கரையிலும் 1980களுக்குப்பின் பைபர் படகு இடம் பிடித்தது. கட்டுமரத்தில் எஞ்சினைப் பூட்டினால் அதிர்ச்சியால் கயிறு தளரும்; பைபர் கூட்டில் அக்குறை இல்லை.

பின்னர் 26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்தது. மரங்களும் வலைகளும் ஒரே காலையில் அழிந்தன. உதவி செய்ய வந்தவர்கள் பெரும்பாலும் பைபர் படகுகளையே தந்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் மறக்கலாகாது. ஆயினும் திடீரென்று ஆயிரக்கணக்கான படகுகள் வேண்டியிருந்தபடியால், அதுவரை படகே கட்டியறியாதவரும் கொட்டகை போட்டு அச்சு வைத்துத் தொழில் தொடங்கினர். இழைப்பாய் ஓரடுக்குக் குறைந்த படகு, பிசின் சரிவர ஊறாத படகு, மிதவைப்பொருளே இல்லாத படகு எனப் பலவும் கரைக்கு வந்தன. தரம் போதாதென்று அறிந்தோர் அப்பொழுதே எச்சரித்தனர். இத்தனைக்கும் வர்ணம் மட்டும் யாவற்றிலும் பளபளவென்றிருந்தது.

இனிக் கடிதங்களின் வினாவுக்கு வருவோம். நம் கரையில் பெரும்பாலும் வழங்கும் படகு 28 அடி முதல் 32 அடி வரை நீளமுள்ளது; நீண்ட தண்டுடைய 8 அல்லது 10 குதிரைச்சக்தி டீசல் எஞ்சின் பூட்டப்படுவது. அகலம் மிகுந்தால் உட்காரவும் வலை வைக்கவும் வசதி என்று கரையில் நின்று பார்ப்பவர்க்குத் தோன்றும். கடலிலோ, அடி தட்டையாய் மிக அகன்ற படகு ஒவ்வோர் அலைக்கும் வெடுக்கென்று திரும்பி நிமிரும். எட்டு மணிநேரம் அவ்வாறு உலுக்குண்டவன் கரைக்கு வரும்போது கட்டுமரத்தில் சென்றவனைவிடக் களைத்திருப்பான். மிகக் குறுகியதோ நன்றாய் ஓடும், ஆனால் வலை இழுக்கும்போது ஒருபுறம் சாயும். அணியம் கூராய் அலையைப் பிளக்க வேண்டும்; பின்பாதி தட்டையாய் மணலில் நிற்க வேண்டும். விளிம்பின் உயரத்தை வலையிழுப்பவன் தன் முழங்காலுக்கு மேல் அளந்து பார்க்கட்டும். குறைந்தால் கடலில் விழுவான், மிகுந்தால் இடுப்பு நோவான். படகை விற்பவனுடைய கொட்டகையிலன்றி, அதே அச்சில் வார்த்த படகு வேறொரு குப்பத்தில் ஓடுமாயின் அதில் ஒரு நாள் கடலுக்குச் சென்று பார்த்து வாங்குதல் சிறந்தது.

கூட்டைச் சோதிக்கும் முறை கடினமன்று. நாணயத்தால் தட்டினால் நன்றாய் ஒட்டிய இடம் கணீரென்றும், அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். உட்புறத்தில் வெண்மையாய்த் தெரியும் நார் பிசின் குடியாதது. மழைக்காலத்து ஈரக்காற்றில் வார்த்த கூடு சரியாய் இறுகாது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்பட்டுக் கட்டச் சொல்லுதல் தகாது.

எல்லாவற்றினும் முக்கியமானதை இறுதியில் வைத்தோம். கட்டுமரம் மூழ்காது, பைபர் படகு மூழ்கும். கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த பொருள் நீரைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கூட்டின் எடை 900 கிலோ என்று வைத்துக்கொண்டால், நீர் நிறைந்து அமிழும்போது 300 கிலோ கீழே இழுக்கும். எஞ்சின் ஏறக்குறைய 100 கிலோ. ஆக 400 கிலோவைத் தாங்கினாலன்றிப் படகு மேலே நில்லாது. பற்றிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கும் வலைக்கும் தனியே வேண்டும். 1 கன மீட்டர் நுரைப்பொருள் 950 கிலோவுக்கு மேல் தாங்கவல்லது. எனவே இத்தகைய படகுக்கு 600 லிட்டருக்குக் குறையாத நுரை வேண்டும். அது அணியத்தில் மட்டும் இருந்தால் படகு செங்குத்தாய் நிற்கும். அடியில் மட்டும் இருந்தால் குப்புறப் புரளும். இரு முனைகளிலும் இருபுற விளிம்பையொட்டியும் பங்கிட்டு, நீர் புகாதபடி மூடி வார்த்திருக்க வேண்டும். நுரைக்காகும் செலவு படகின் விலையில் சிறு பங்கே. விலையைக் குறைத்துக் கேட்கும்போது கட்டுவோர் முதலில் குறைப்பதும் கண்ணுக்குத் தெரியாத இதனையேதான். ஆகவே பேரம் பேசும் தாம்பரத்து அன்பர்கள் எதனைப் பேரம் பேசுகின்றோம் என்று அறிந்து பேச வேண்டுகின்றோம்.

மரத்தில் போன காலத்தில் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தொழில் நடந்தது. எஞ்சின் வந்தபின் தூரம் கூடிற்று. தூரத்தோடு ஆபத்தும் கூடிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி, கேரளக் கரைகளின் மீனவர் பலர் திரும்பவில்லை. கவிழ்ந்த படகையும் கையில் அகப்பட்ட மிதக்கும் பொருளையும் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தோர் சிலர். நம்மில் பலர் தினமும் பேருந்தில் கடந்து செல்லும் பள்ளிக்கரணையில், வேளச்சேரி – தாம்பரம் சாலையிலேயே, 1993-ல் நிறுவப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றது. வங்காள விரிகுடாவில் காற்றையும் அலையையும் அளக்கும் மிதவைகளை நிறுத்தியவர்கள் அவர்கள். கடல்நிலை முன்னறிவிப்பு இக்காலத்தில் கைப்பேசியிலேயே கிடைக்கின்றது. வன்னி, தெண்டி என்று நீரோட்டம் அறிந்த பெரியவர் வீட்டில் இருப்பினும் அதனையும் கேட்டுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

கரையில் நாம் கண்டு மகிழ்ந்த மற்றொன்றையும் சொல்லிவிடுகின்றோம். அருகிலேயே தொழில் செய்வோர் சிலர் கட்டுமரத்தின் வடிவத்தையே கண்ணாடியிழையில் வார்த்து, உள்ளே நுரையடைத்து மூடிய கலங்களைப் பயன்படுத்துகின்றனர். பள்ளமில்லை, இறைக்க வேண்டியதில்லை, கவிழ்ந்தாலும் மிதக்கும். இருவர் சேர்ந்து மணலில் இழுத்துவிடலாம். ஈரம் மட்டும் பழைய ஈரமே. தூரக் கடலுக்கு இது ஆகாது. ஆழம் செல்ல விரும்பாத முதியவர் ஒருவருக்காகப் பணம் அனுப்ப எண்ணுவோர், பெரிய படகுக்கு முன்பணம் கட்டுமுன் அவரிடம் எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பெரிய படகே என்று முடிவானால், நுரை எத்தனை லிட்டர், எவ்வெவ்விடத்தில் என்பதைக் கட்டுவோரிடம் எழுத்தில் வாங்கி, மேல்தட்டை மூடி வார்க்குமுன் ஒருமுறை நேரில் சென்று பார்த்து வருக.