எலியின் இமையும் மனிதரின் சோர்வும்

மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றில் நமது பிராந்தியத்துக்கும் ஓர் இடமுண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நம் வைத்தியர்கள் சித்தப்பிரமைக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். 1931இல் டில்லி திப்பியாக் கல்லூரி ஆய்வுகூடத்தில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவ்வேரிலிருந்து சில சேர்வைகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு ஹகீம் அஜ்மல் கானின் பெயரால் ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார்.

1952இல் சுவிற்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதே வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தனர். இரத்த அழுத்தத்துக்காக அதை உட்கொண்டோரிற் சிலர் மனஞ்சோர்ந்ததாக மருத்துவர்கள் எழுதினர். எலிக்குக் கொடுத்தபோது இமை தொங்கியது, உடல் குளிர்ந்தது, அது அசைவற்றுக் கிடந்தது. மூளையிலுள்ள செரட்டோனின், நோரட்ரினலின் ஆகியவற்றின் இருப்பை ரெசர்பின் வற்றச் செய்வதே இதற்குக் காரணம்.

ஆனால் இமிப்ரமின் மனச்சோர்வை நீக்கும் என்பதை முதலிற் சொன்னது எலியன்று. வேறொரு மனநோய்க்கெனப் பரீட்சிக்கப்பட்ட அம்மருந்து சோர்வுற்றோரைத் தேற்றுவதைத் தம் நோயாளரிடமே கண்டு 1957இல் எழுதியவர் சுவிஸ் மருத்துவர் ரோலண்ட் குன். ரெசர்பின் கொடுத்த எலியின் நிலையை அம்மருந்து மாற்றுவது பின்னரே தெரியவந்தது. அதன்பின் புதிய சேர்வைகளைச் சலித்தெடுக்கும் சல்லடைகளுள் ஒன்றாக அந்த எலி ஆயிற்று.

1963இல் பம்பாயின் கோரேகாவில் சிபா ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராயிருந்த ரசாயன அறிஞர் கோவிந்தாச்சாரி அதன் பணிப்பாளரானார். அங்கு குப்புசாமி நாகராஜனும் சகாக்களும் உருவாக்கிய நைட்ரொக்சாசெப்பின், ‘சின்டமில்’ என்ற பெயரில் 1982இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதுவும் இமிப்ரமினின் உறவுமுறை மருந்தே.

இதிலே ஒரு பாடம் உண்டு. அறிந்த மருந்தின் சாயலுள்ளதையே அச்சல்லடை எளிதிற் பிடிக்கும். முற்றிலும் புதிய வழியில் வேலை செய்யும் மருந்து அதில் நழுவிப் போகலாம். சல்லடையின் அடிப்படையும் உறுதியானதன்று. பதற்றமும் சோர்வும் உள்ளோருக்கு ரெசர்பின் நன்மை தந்ததென 1955இலேயே இலண்டனில் டேவிசும் ஷெப்பர்டும் எழுதியிருந்தனர்.

எலியைப் பரிசோதிப்பது வீணென்பதல்ல என் கருத்து. மூளையில் மருந்து என்ன செய்கிறது என்பதை எலி காட்டும். 1990 ஒக்டோபரில் வீட்டையும் ஊரையும் விட்டு வடக்கிலிருந்து வெளியேறிய ஒரு தாயின் சோர்வை அதன் இமை காட்டுமா? மருந்து அவளுக்கு உதவியதா என்பதை அவளிடமே கேட்கவேண்டும்; அவள் சொல்லும்வரை பொறுமையோடு காத்திருக்கவும் வேண்டும்.