காணாமற்போன செலவுச் சீட்டு

பரமண்டல ஜெபத்தில் உணவு கேட்கும் வரி சின்னஞ்சிறியது. அதன் கிரேக்க மூலத்தில், அப்பத்துக்கு அடைமொழியாக 'எபியூசியோஸ்' என்றொரு சொல் நிற்கிறது. மத்தேயு 6-ஆம் அதிகாரத்திலும் லூக்கா 11-ஆம் அதிகாரத்திலும் இந்த ஜெபத்துக்குள் மட்டுமே வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் கிடையாது. அதற்கு முந்தைய கிரேக்க இலக்கியம் எதிலும் அதைக் காணோம்.

இதை முதன்முதலில் எழுதிவைத்தவர் ஓரிகன். அலெக்சாந்திரியாவில் வளர்ந்து, பாலஸ்தீனத்துச் செசரியாவில் குடியேறிய பேரறிஞர். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. சுமார் 233-இல் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில், இந்தச் சொல்லைக் கற்றோரும் எழுதவில்லை, பாமரர்களும் பேசவில்லை; நற்செய்தியாளர்களே ஆக்கியிருக்க வேண்டும் என்கிறார். இயேசுவுக்கு இருநூறு ஆண்டுகள் பிந்திய, அதே மொழியில் மூழ்கிய ஒருவரின் சாட்சியம் இது. இதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜெரோம் பட்ட பாடு இன்னும் பெரிது. போப் தமாசுஸ் கேட்டுக்கொண்டபடி 384 வாக்கில் நற்செய்திகளின் லத்தீன் பெயர்ப்பைச் சீர்செய்தபோது, லூக்காவில் 'அன்றாட' என்ற பழைய லத்தீன் சொல்லை அப்படியே விட்டார்; மத்தேயுவில் மட்டும் 'பொருள்நிலைக்கு மேலான' என்று மாற்றினார். எபியூசியோஸுக்குள் ஒலிக்கும் 'ஊசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இருப்பு, சாரம் என்று பொருள். அதிலிருந்து இந்த விளக்கம் பிறந்தது. நற்கருணை அப்பத்தையே இது குறிக்கிறது என்று பலர் கொண்டாடினார்கள். ஆனால் வழிபாட்டில் மக்கள் வாயில் நிலைத்தது 'அன்றாட' தான்.

1889-இல் எகிப்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது போலிருந்தது. பயூம் பகுதியில் ஹவாராவில் பிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தெடுத்த பாப்பிரஸ் ஏடுகளை ஆர்ச்சிபால்ட் சேய்ஸ் படித்து வெளியிட்டார். அவற்றில் ஒன்று வெறும் செலவுக் கணக்கு. சாமான்களின் பெயர், பக்கத்தில் காசு. ஒரு வரியில் 'எபியூசி' என்று தொடங்கும் சொல்லைத் தாம் கண்டதாகச் சேய்ஸ் பதித்திருந்தார். 1915-இல் பிரைசிக்கே தொகுத்த பாப்பிரஸ் தொகுதியிலும் அது இடம்பெற்றது. பிறகு வேத அறிஞர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். கூலியாளுக்கு அளக்கும் நாட்படிதான் எபியூசியோஸ் போலும்! வீட்டுக் கணக்கில் புழங்கிய சொல்லைத்தான் இயேசுவின் சீடர்கள் ஜெபத்தில் வைத்தார்களோ என்று எண்ணும்போது யாருக்குத்தான் நெஞ்சு நெகிழாது?

ஆனால் அந்த ஏட்டைக் காணவில்லை. சரிபார்க்க நினைத்தவர்களுக்குச் சேய்ஸின் அச்சு வாசகம் மட்டுமே கிடைத்தது. சேய்ஸோ பாப்பிரஸ் எழுத்துகளைத் தவறாகப் படிப்பவர் என்று பெயரெடுத்தவர். ஆனாலும் அகராதிகளும் விளக்கவுரைகளும் பல பத்தாண்டுகள் அந்த ஒரு வரியைச் சுமந்தன.

1998-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பைனெக்கி நூலகத்தில் ஏடு அகப்பட்டது. நைமன், வோர்ப் என்ற இரு அறிஞர்கள் மறுபடி படித்து, மறு ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அங்கே இருந்த சொல் 'எலாயூ'. எண்ணெய்! காலமும் தவறியிருந்தது: ஐந்தாம் நூற்றாண்டு என்று நம்பப்பட்ட ஏடு முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓரிகன் சொன்னது மீண்டும் அசையாமல் நின்றது.

அப்படியானால் பொருள்தான் என்ன? என் மனம் சாய்வது லூக்காவின் பக்கம். அவர் எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில், பவுல் கப்பலேறிப் போகும் இடங்கள் உட்பட, மறுநாளைக் குறிக்க 'எபியூசா' என்ற சொல் பலமுறை வருகிறது. 'வரும் நாள்' என்று அர்த்தம். எபியூசியோஸ் அதற்கு அடுத்த வீட்டுச் சொல். புதிய ஏற்பாட்டில் சேராத எபிரெயர் நற்செய்தியில் இந்த இடத்தில் 'மாகார்', அதாவது 'நாளை' என்றிருந்ததைத் தாம் பார்த்ததாக ஜெரோமே எழுதியிருக்கிறார்.

நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அதே மத்தேயு 6-ஆம் அதிகாரம் சொல்லும்போது, நாளைய அப்பத்தைக் கேட்கலாமா என்பது நியாயமான ஆட்சேபம்தான். கேட்டுக் கடவுளிடம் ஒப்படைத்தபின் கவலைக்கு இடம் ஏது என்பது ஒரு பதில். இன்னொரு பதில் 'திதாகே' என்ற ஆதித் திருச்சபையின் கையேட்டில் கிடைக்கிறது. இதே சொல்லோடு இதே ஜெபத்தைத் தரும் அந்நூல், நாளுக்கு மூன்று முறை இதைச் சொல்லும்படி பணிக்கிறது. விடியலில் சொல்பவருக்கு வரும் நாள் இன்றுதான். இரவில் சொல்பவருக்குத்தான் அது நாளை.