காந்தியடிகள் திருப்பி அளித்த பொற்கடிகாரம்

2009-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடைபெற்றது. காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, உண்கலங்கள், ஜெனித் பைக்கடிகாரம் ஆகியவை ஒரே தொகுதியாக 18 இலட்சம் டாலருக்கு விலைபோயின. அக்கடிகாரம் வெள்ளியாலானது. அதற்கு முன்னரே அடிகளுக்குப் பொற்கடிகாரம் ஒன்று கிடைத்திருந்தது. அதை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஏலம் போனதைவிட அதன் வரலாறே அறியத்தக்கது.

பொன்மீது அவருக்கு என்றுமே ஆசை இருந்ததில்லை என்று சொல்லுதல் பொருந்தாது. 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற அவ்விளைஞர், ஆங்கிலக் கனவானாய்த் தோன்ற விரும்பித் தம் தமையனாரிடமிருந்து கடிகாரத்துக்கு இரட்டை வடப் பொற்சங்கிலியே வரவழைத்தவர்.

1893-இல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கு நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில், 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் உழைத்து வந்தனர். முதலாளியால் அடிபட்டு இரத்தம் வழிய வந்து நின்ற பாலசுந்தரமும் அவ்வாறு ஒப்பந்தக் கூலியாய் இருந்த தமிழருள் ஒருவனே.

1901 அக்டோபரில் அடிகள் குடும்பத்தோடு தாயகம் திரும்பப் புறப்பட்டார். நம் கமுந்திங், தைப்பிங் வட்டாரத் தோட்டங்களில் பெரிய கிராணியார் பிரியும்போது மாலையிட்டுப் பரிசளிப்பது போலவே அங்கும் பிரிவுபசாரங்கள் நடந்தன. பரிசுகள்தாம் மிகப் பெரியவை. பொற்சங்கிலி, வைர மோதிரம், கஸ்தூரிபா அம்மையாருக்கு 50 கினி பெறுமான கழுத்தணி எனக் குவிந்தன. பொற்கடிகாரத்தை அளித்தவர் அதே தாதா அப்துல்லா கம்பெனியைச் சேர்ந்தவர்.

அன்றிரவு அடிகள் உறங்கவில்லை. பொதுத்தொண்டுக்குக் கூலி பெறலாகாது என்பது அவர் துணிபு. நகையாசையை விடுமாறு பிறருக்குச் சொல்லி வந்தவரும் அவரே. பிள்ளைகள் உடனே இசைந்தனர். அம்மையார் இசையவில்லை. தமக்கு வேண்டாவிடினும் வரப்போகும் மருமக்களுக்கு வேண்டாவா என்றார். கணவரின் தொண்டுக்காக வந்தது என்றால், அத்தொண்டுக்காக இரவும் பகலும் வீட்டில் உழைத்தது யார் என்றும் வினவினார். இவ்வினாவுக்கு அடிகளிடம் தக்க விடை இல்லை. நியாயம் அம்மையார் பக்கமும் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அவர் சொல் எடுபடவில்லை.

பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைப் பொறுப்பாளராக்கிப் பத்திரம் எழுதப்பட்டது. 1896-இல் பெற்ற பரிசுகளும் அதிற் சேர்ந்தன. அவற்றுள் அங்குள்ள தமிழர் அவ்வாண்டு அளித்த பொற்காசு ஒன்றும் இருந்தது. யாவும் வங்கியில் வைக்கப்பட்டு நேட்டால் இந்தியரின் பொதுக் காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டன. பல ஆண்டுகட்குப் பின் சுயசரிதை எழுதியபோதும், அந்நிதி தேவை நேர்ந்தபோதெல்லாம் பயன்பட்டு வருவதையும், கரைந்துவிடாது வளர்ந்திருப்பதையும் அடிகள் குறித்துள்ளார்.