ஐரோப்பிய ஒருங்கிணைப்பு வரலாற்றுவரைவியலில் இளம் ஆய்வாளர்கள்: ஆவணத் திறப்பும் வினா மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் வரலாறு 1970களின் இறுதியிலிருந்து தனித்த ஆய்வுத் துறையாக வளர்ந்தது. முப்பதாண்டு ஆவண விதி இத்துறையின் ஆய்வுப் பொருள்களைப் பெரிதும் வரையறுத்தது. அவ்வரையறைக்குள் பணியாற்றிய இளம் ஆய்வாளர்கள், காலப்போக்கில் துறையின் அடிப்படை வினாவையே மாற்றியமைத்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஐரோப்பிய ஒருங்கிணைப்பு, வரலாற்றுவரைவியல், ஆவணக்காப்பகம், தேசிய அரசு, விலகல்.

முன்னுரை

பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு நிலக்கரி, எஃகுச் சமூகத்தை உருவாக்கின. 1957 மார்ச் 25 அன்று கையெழுத்தான ரோம் உடன்படிக்கை பொருளாதாரச் சமூகத்துக்கு வழிவகுத்தது. இவற்றின் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் சொல்லிலேயே உள்ளது. ‘ஒருங்கிணைப்பு’ என்னும் சொல் ஒரு திசையைக் குறிக்கிறது. அத்திசையில் நிகழ்ந்தவை வளர்ச்சியாகவும் நிகழாதவை தடையாகவும் எண்ணப்படும் ஆபத்து இதனால் நேர்கிறது.

இரு முன்னோடிகள்

பிளாரன்ஸ் நகரின் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் 1976இல் தொடங்கியபோது அங்கு வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்த வால்டர் லிப்கென்ஸ், ஒருங்கிணைப்பின் வேரைக் கருத்தியலில் தேடினார். இரண்டாம் உலகப்போர்க்கால எதிர்ப்பியக்கங்களும் கூட்டாட்சி இயக்கங்களும் அவருடைய ஆய்வின் மையமாயின. ஆலன் மில்வார்ட் இதனை மறுத்தார். அரசுகளின் பொருளாதார ஆவணங்களை ஆராய்ந்த அவர், 1992இல் வெளியிட்ட நூலில், போரால் நலிந்த தேசிய அரசுகள் தம்மை மீட்டுக்கொள்ளவே இறையாண்மையின் ஒரு பகுதியைப் பகிர்ந்தன என வாதிட்டார். நிறுவனத் தந்தையரைப் புனிதராக்கும் எழுத்துமுறையை அவர் எள்ளி நகையாடினார். அடுத்த தலைமுறையின் ஆய்வுகள் இவ்விரு நிலைகளுக்கும் விடை கூற வேண்டியிருந்தது.

முப்பதாண்டு விதியின் விளைவுகள்

சமூக நிறுவனங்களின் ஆவணங்களை முப்பது ஆண்டுகளுக்குப் பின் பொதுப் பார்வைக்குத் திறக்கும் விதி 1983இல் இயற்றப்பட்டது. பிளாரன்சில் அமைந்த வரலாற்று ஆவணக்காப்பகம் 1986 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. ஆண்டுதோறும் புதிதாக ஓராண்டின் கோப்புகள் கிடைத்தன. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அவற்றைப் பின்தொடர்ந்தனர்.

பியர்ஸ் லட்லோ இளம் ஆய்வாளராக எழுதி 1997இல் வெளியிட்ட நூல் இதற்குத் தக்க சான்றாகும். 1961இல் பிரித்தானியா அளித்த முதல் உறுப்புரிமை விண்ணப்பமும், 1963 ஜனவரியில் தெ கோல் அதற்கு விதித்த தடையும் அந்நூலின் பொருள். ஒரு நாட்டின் ஆவணத்தை மட்டும் நம்பாமல் பல நாடுகளின் கோப்புகளை ஒப்பிடும் முறையை அது வலுப்படுத்தியது. எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. அரசுக் கோப்புகள் அமைச்சர்களின் பேச்சுவார்த்தைகளையே மிகுதியாகப் பதிவு செய்வதால், அவற்றிலிருந்து எழுந்த வரலாறும் பேச்சுவார்த்தைகளின் வரலாறாகவே அமைந்தது.

வினா மாற்றம்

2000க்குப் பின் இளம் ஆய்வாளர்கள் ‘ரிச்சி’, ‘ஹெயர்ஸ்’ ஆகிய சுருக்கப் பெயர்களால் அறியப்பட்ட வலையமைப்புகளில் ஒன்றுகூடினர். அரசுகளுக்கு அப்பால் இயங்கியோர் யாவர் என்னும் வினா அக்காலத்தில் முதன்மை பெற்றது. கிறித்தவ சனநாயகக் கட்சிகளின் நாடுகடந்த தொடர்புகளை வொல்ஃப்ராம் கைசரின் 2007ஆம் ஆண்டு நூல் வெளிக்கொணர்ந்தது.

சட்ட வரலாற்றிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1963ஆம் ஆண்டின் வான் கெண்ட் என் லோஸ் தீர்ப்பு, உடன்படிக்கையின் விதிகளைக் குடிமக்கள் உள்நாட்டு நீதிமன்றங்களில் நேரடியாகக் கோரலாம் என்றது. சட்ட அறிஞர்கள் இதனை நீதிமன்றத்தின் தருக்க வளர்ச்சியாக விளக்கிவந்தனர். மார்டென் ராஸ்முசென் உள்ளிட்டோரின் ஆய்வுகள், ஆணையத்தின் சட்டப் பிரிவு இவ்விளக்கத்துக்காக முனைந்து வாதிட்டதையும், நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி அரசுகள் அதனை எதிர்த்ததையும் முன்னிறுத்தின. தருக்கமாகத் தோன்றியது அரசியலாகவும் இருந்தது புலனாயிற்று.

விலகலின் வரலாறு

பியோ ஹான்சென், ஸ்டெஃபான் ஜான்சன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட நூல், ஒருங்கிணைப்பின் தொடக்கத்தை ஆப்பிரிக்கக் காலனிகளோடு இணைத்துக் காட்டியது. ரோம் உடன்படிக்கையின் 227ஆம் பிரிவு அல்ஜீரியாவைப் பெயர் சுட்டியே உள்ளடக்கியிருந்தது. அந்நாடு 1962இல் விடுதலை பெற்றது. டென்மார்க்குடன் 1973இல் இணைந்த கிரீன்லாந்து, வாக்கெடுப்பின்வழி 1985இல் சமூகத்தை விட்டு வெளியேறியது. கிரண் கிளாஸ் பட்டேல் 2018இல் வெளியிட்ட நூல் இவ்விரண்டையும் சிதைவின் முன்நிகழ்வுகளாக எடுத்துரைத்தது. பிரித்தானியாவின் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்புச் சூழலில் இவை பரவலான கவனம் பெற்றன.

முடிவுரை

இத்துறையின் பேராசிரியர் இருக்கைகள் பலவற்றுக்கும் ஆய்வுக்கூட்டங்களுக்கும் ஐரோப்பிய ஆணையமே நிதி வழங்கிவந்துள்ளது. ஆய்வுப் பொருளே ஆய்வுக்குப் புரவலராகும் இந்நிலையில், வெற்றிக் கதையை எழுதாதிருப்பது முறையியல் சார்ந்த பொறுப்பாகிறது. அல்ஜீரியா குறித்த செய்தி எந்தப் பூட்டிய கோப்பிலும் இருக்கவில்லை. 1957 முதல் அச்சிட்ட உடன்படிக்கையிலேயே இருந்தது. கிரீன்லாந்தின் விலகலும் உலகறியவே நடந்தது. முப்பதாண்டு விதி அவற்றை மறைக்கவில்லை. முன்னேற்றத்தை மட்டும் தேடிய வினாவே மறைத்தது. ஆவணத் திறப்பு வரலாற்றுக்குச் சான்றுகளைத் தருகிறது. அச்சான்றுகளில் எது வரலாறாகும் என்பதை ஆய்வாளரின் வினாவே தீர்மானிக்கிறது.