ஒரே வருஷம், ரெண்டு நாய்க் கணக்கு

நாய்களில் "உயர்ந்த ஜாதி" என்று பேசுகிறோமே, அதெல்லாம் ஒரு ரெஜிஸ்டர் சமாச்சாரம்தாங்க.

1873 ஏப்ரலில் ஷெர்லி என்கிற எம்.பி. சில நண்பர்களோடு லண்டனில் கென்னல் கிளப்பை ஆரம்பித்தார். நாய்க் கண்காட்சிகள் அப்போது பெருகிக்கொண்டிருந்த நேரம். ஆனால் ஒரே பேரில் ஏகப்பட்ட நாய்கள், எது எதுன்னே தெரியாது! டேட்டாபேஸ் ஆசாமிகளுக்குப் புரியும், பிரைமரி கீ இல்லாத டேபிள். 1880ல் பேரைப் பதிவு செய்யும் முறை வந்தது.

அதே 1873 அக்டோபரில் வேல்ஸில் பாலா என்ற ஊரில் (டைரக்டர் இல்லை, ஊர்தான்) ஆடு மேய்க்கும் நாய்களுக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தது ட்வீட் என்ற நாய். அழகுக்கு மார்க்கே கிடையாது, ஆட்டை ஒழுங்காக ஓட்டிவந்தால் போதும். இந்த வழியில் வந்தவர்கள் 1906ல் தனியாக ஒரு சங்கம் வைத்து, தனிப் பதிவேடும் போட்டார்கள்.

அந்த மேய்ச்சல் நாய்தான் பார்டர் கோலி. 1976ல் கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. 1995ல் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் அங்கீகரித்தபோது மேய்ப்பர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அங்கீகாரம் கிடைத்தால் சந்தோஷம்தானே படணும்? அவர்கள் பயமே வேறு. முடியையும் காதையும் பார்த்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தால், நாலு தலைமுறையில் மேய்க்கிற புத்தி போய்விடும். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பார்த்து சாஃப்ட்வேருக்கு மார்க் போடுகிற கதை.

பிரிட்டனில் ஓரளவு சமாதானம் உண்டு. அழகில் ஜெயித்த பார்டர் கோலிக்கு "ஷோ சாம்பியன்" பட்டம்தான். முழு "சாம்பியன்" ஆகணும்னா மேய்ச்சல் பரீட்சையும் பாஸ் பண்ணணும்.

என் ஓட்டு பாலா கோஷ்டிக்குத்தான். அவர்கள் சங்கத்தில் அப்பன் ஆத்தா பேர் பதிவில் இல்லாத நாயும், வேலையில் அசத்திக் காட்டினால், பதிவேட்டில் ஏறிவிடலாம்.